'நிரூபி'ன்னு கேள்வி வந்தா

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த வாய்ஸ் நோட்கள்ல ஒண்ணு மனசுல அப்படியே நின்னுடுச்சு. வேளச்சேரியில இருந்து ஒருத்தங்க அனுப்பியிருந்தாங்க. ஐடியில வேலை, தம்பி பத்தாவது படிக்கிறான். "ப்ரோ, சமன்பாடு குடுத்தா டக்குனு போட்டுடறான். பரப்பளவு, நிகழ்தகவு எல்லாம் ஓகே. 'நிரூபி'ன்னு ஒரு வார்த்தை பார்த்தா மட்டும் அடுத்த கேள்விக்குத் தாவிடறான். கேட்டா, சாய்ஸ்ல விட்டுக்கலாம்கிறான். இவனுக்கு நான் எப்படிச் சொல்லிக்குடுக்கறது?"

முதல்ல தம்பிக்கு ஒரு நியாயம் செஞ்சுடுவோம். அவன் கணக்கு தப்பில்ல. ஸ்டேட் போர்டு பத்தாம் வகுப்பு கணக்குப் பேப்பர்ல 5 மார்க் கேள்வி 14 வரும், 10 எழுதினா போதும். அதுல ஒண்ணுதான் கட்டாயம். மத்ததுல பிடிக்காததைத் தாராளமா ஒதுக்கிடலாம். ஒதுக்கியும் 90க்கு மேல வாங்குற பசங்க இருக்காங்க.

சிக்கல் ஜூன் மாசம் ஆரம்பிக்கும். பதினொண்ணாவதுல எந்த குரூப் எடுக்கறதுன்னு முடிவு பண்ற நேரம். கணக்கை விரும்பற பையன்கூட, "எனக்கு ப்ரூஃப் எல்லாம் வராது, மேத்ஸ் குரூப் வேணாம்"னு ஒதுங்கிடறான். இல்லன்னா தைரியமா எடுத்துட்டு, பதினொண்ணாவது புத்தகத்துல முக்கோணவியலும் கணிதத் தொகுத்தறிதலும் வந்து நிக்கும்போது முழிக்கிறான். பதினஞ்சு வயசுல எடுக்கிற இந்த முடிவு, ஒரே ஒரு வகைக் கேள்வி மேல இருக்கிற பயத்தால எடுக்கப்படுதுன்னா, அந்தப் பயத்தைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கறது நல்லதுன்னு நினைக்கிறேன். அதான் இன்னைக்கு எபிசோடு.

நிரூபிக்கச் சொல்ற கேள்விதான் பேப்பர்லயே தாராளமான கேள்வி. ஏன்னா விடையை அவங்களே குடுத்துட்டாங்க. மத்த கணக்குல கடைசியில 42 வருமா 47 வருமான்னு உங்களுக்குத் தெரியாது. இங்க போய்ச் சேர வேண்டிய ஊர் பேர் கேள்வியிலயே அச்சாகியிருக்கு. அதனால கடைசி வரிக்குன்னு தனியா மதிப்பு கிடையாது. அதை எழுதறது யாராலயும் முடியும். மார்க் முழுக்க வழிக்குத்தான். இது பயமா தோணுது, ஆனா இதுல ஒரு பெரிய வசதி இருக்கு. சேர வேண்டிய இடம் தெரிஞ்சா, அங்க இருந்தும் திரும்பி நடந்து பார்க்கலாம். ரெண்டு பக்கமும் சுரங்கம் தோண்டலாம்.

ஒரு உதாரணம். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கோங்க. பஸ்ல இருந்தா மனசுலயே எழுதுங்க. வர்க்கமூலத்துக்குள்ள ஒரு பின்னம். மேல 1 கூட்டல் காஸ் தீட்டா, கீழ 1 கழித்தல் காஸ் தீட்டா. இது, கோசெக் தீட்டா கூட்டல் காட் தீட்டாவுக்குச் சமம்னு நிரூபிக்கணும். தீட்டா குறுங்கோணம்.

கைடு என்ன சொல்லும்? "தொகுதியையும் பகுதியையும் 1 கூட்டல் காஸ் தீட்டாவால் பெருக்க." பையன் கேட்பான், "அது எப்படித் தெரியும்?" அதுக்கு டியூஷன்ல வர்ற பதில், "அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ." அவன் பயமே இங்கதான் பொறக்குது. யாரோ ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்ச மந்திரம் மாதிரி இருக்கு.

மந்திரம் இல்ல. வலது பக்கத்தைப் பாருங்க. கோசெக்னா 1 பை சைன். காட்னா காஸ் பை சைன். ரெண்டையும் கூட்டினா, மேல 1 கூட்டல் காஸ், கீழ சைன். இதான் நாம போக வேண்டிய ஊர். இப்போ இடது பக்கம் வாங்க. கீழ 1 கழித்தல் காஸ் இருக்கு, ஆனா எனக்குக் கீழ சைன் வேணும். வர்க்கமூலத்துக்குள்ள இருக்கறதால சைன் வர்க்கம் வேணும். சைன் வர்க்கம்னா 1 கழித்தல் காஸ் வர்க்கம். 1 கழித்தல் காஸை எதால பெருக்கினா அது கிடைக்கும்? 1 கூட்டல் காஸால. மேலயும் அதே 1 கூட்டல் காஸ், வர்க்கமாகி மூலத்துல இருந்து வெளிய வந்துடும். தீட்டா குறுங்கோணம்கிறதால சைனும் மிகை, குறியைப் பத்திக் கவலை இல்ல. முடிஞ்சது. எதால பெருக்கணும்னு சொன்னது யார்? விடையேதான். கேள்வித்தாள்லயே இருந்தது.

இன்னொண்ணு, ரெண்டு பக்கத்துல எது சிக்கலா இருக்கோ அங்க இருந்து ஆரம்பிங்க. சிக்கலை அவிழ்க்கறது, சுலபமானதைச் சிக்கலாக்கறதை விட எப்பவும் லேசு. இயர்போன் வயர் வெச்சிருந்த தலைமுறைக்கு இது தெரியும்.

சரி, ரெண்டு பக்கமும் தோண்டலாம்னு சொன்னேன். இங்க ஒரு குழி இருக்கு, நிறைய பேர் விழற குழி. நிரூபிக்க வேண்டியதையே முதல் வரியா எழுதிட்டு, ரெண்டு பக்கமும் ஏதேதோ பண்ணி, கடைசியில 1 சமம் 1 வந்ததும் "எனவே நிரூபிக்கப்பட்டது"ன்னு கோடு போடறது. பார்க்க நல்லா இருக்கும். ஆனா அது நிரூபணம் ஆகாது.

ஏன் ஆகாது? நான் இப்போ கழித்தல் 1-ம் கூட்டல் 1-ம் சமம்னு நிரூபிக்கிறேன் பாருங்க. முதல் வரி: கழித்தல் 1 சமம் 1. ரெண்டு பக்கமும் வர்க்கப்படுத்தறேன். 1 சமம் 1. உண்மைதானே? எனவே நிரூபிக்கப்பட்டது. அபத்தம், இல்லையா? ஒரு பொய்யில இருந்து கிளம்பியும் உண்மைக்கு வந்து சேரலாம். அதனால உண்மையில போய் முடிஞ்சதுங்கறதை வெச்சு, கிளம்பின இடமும் உண்மைன்னு சொல்ல முடியாது. கிளம்பற இடம் உண்மையா இருக்கணும், அங்க இருந்து ஒவ்வொரு அடியும் சரியா இருக்கணும், அப்பதான் சேர்ற இடம் உண்மை.

அப்போ பின்னாடி இருந்து யோசிக்கவே கூடாதா? கண்டிப்பா யோசிக்கணும், ஆனா ரஃப் பக்கத்துல. ஒரு சின்ன கேள்வி எடுத்துக்குவோம். ஏ, பி ரெண்டும் மிகை எண்கள். ரெண்டோட கூட்டுத்தொகை, ஏ பெருக்கல் பி-யோட வர்க்கமூலத்தை ரெண்டு மடங்காக்கினதை விடக் குறையாதுன்னு நிரூபி. ரஃப்ல, நிரூபிக்க வேண்டியதையே எழுதி, எல்லாத்தையும் ஒரே பக்கம் கொண்டு வாங்க. ஏ கூட்டல் பி கழித்தல் 2 ரூட் ஏபி. உத்துப் பாருங்க, தெரிஞ்ச முகம். ரூட் ஏ கழித்தல் ரூட் பி-யோட வர்க்கம். ஒரு மெய்யெண்ணோட வர்க்கம் சுழியை விடக் குறையவே குறையாது. ரஃப்ல வழி கிடைச்சாச்சு.

இப்போ நல்ல பக்கத்துல தலைகீழா எழுதுங்க. "ரூட் ஏ கழித்தல் ரூட் பி-யின் வர்க்கம் சுழியை விடக் குறையாது" இது முதல் வரி. விரிங்க. 2 ரூட் ஏபி-யை அந்தப் பக்கம் அனுப்புங்க. முடிஞ்சது, மூணு வரி.

புத்தகத்துல அந்த மூணு வரி மட்டும்தான் இருக்கும். படிக்கிற பையன், "முதல் வரியிலயே எப்படி இதைப் பிடிச்சான்?"னு மலைச்சுப் போறான். பிடிக்கல தம்பி, ரஃப்ல கடைசியா வந்ததைத்தான் இங்க முதல்ல எழுதியிருக்காங்க. நம்ம ஆபீஸ் பாஷையில சொன்னா, புத்தகத்துல இருக்கறது ஸ்குவாஷ் பண்ணி மெர்ஜ் பண்ணின ஒரே கமிட். அதுக்குப் பின்னாடி இருந்த நாப்பது கமிட், அதுல பாதி தப்பானது, எதுவும் நமக்குக் காட்டப்படறது இல்ல. பாடப்புத்தகங்கள் மேல எனக்கு இருக்கிற ஒரே பெரிய மனக்குறை இதுதான். நிரூபணத்தைக் காட்டுது, அதைத் தேடினதைக் காட்டறதில்ல.

வடிவியலுக்கு வருவோம். தம்பிக்கு இங்கதான் நெட்டுருப் போட ஆசை வரும். கோண இருசமவெட்டித் தேற்றம், பத்தாவதுல இருக்கிறது. முக்கோணம் ஏபிசி. ஏ-ல இருக்கிற கோணத்தைச் சரிபாதியா வெட்டற கோடு, பிசி-யை டி-ல சந்திக்குது. பிடி-க்கும் டிசி-க்கும் உள்ள விகிதம், ஏபி-க்கும் ஏசி-க்கும் உள்ள விகிதம்னு நிரூபிக்கணும். அமைப்புன்னு ஒண்ணு வரும்: சி வழியா ஏபி-க்கு இணையா ஒரு கோடு வரை, ஏடி-யை நீட்டி அதை இ-ல சந்திக்க வை.

இந்தக் கோடு ஏன்? இதை மட்டும் புரிஞ்சுக்கிட்டா மீதி எதையும் மனப்பாடம் பண்ண வேண்டாம். நமக்கு விகிதம் வேணும். விகிதம்னாலே வடிவொத்த முக்கோணங்கள் வேணும். ஆனா படத்துல இருக்கிற ஏபிடி-யும் ஏசிடி-யும் பொதுவா வடிவொத்தவை இல்ல. ஏசி வசதி இல்லாத இடத்துல மாட்டிக்கிட்டு இருக்கு. அதனால ஏசி-க்குச் சமமான நீளத்தை வேற நல்ல இடத்துக்குக் கொண்டு போறோம். இணைகோடு போட்டதும் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம். அதனால இ-ல இருக்கிற கோணமும், ஏ-ல இருக்கிற பாதிக் கோணமும் ஒண்ணு. ஏசிஇ இருசமபக்க முக்கோணம் ஆயிடுது. ஏசி-யும் சிஇ-யும் சமம். வீடு மாத்தியாச்சு. இப்போ ஏபிடி-யும் இசிடி-யும் வடிவொத்தவை. ஏபி-க்கும் சிஇ-க்கும் உள்ள விகிதம்தான் பிடி-க்கும் டிசி-க்கும். சிஇ இருக்கிற இடத்துல ஏசி-யைப் போடுங்க.

இப்படிப் புரிஞ்சவனுக்கு, கேள்வியில முக்கோணத்தோட பேரை பிக்யூஆர்னு மாத்தினாலும் கவலை இல்ல. நெட்டுருப் போட்டவன் அந்த ஒரு மாத்தத்துலயே கவுந்துடுவான்.

படம் வரையறதுல ஒரு சின்ன விஷயம். தயவுசெஞ்சு அழகான முக்கோணம் போடாதீங்க. கை பழக்கத்துல எல்லாரும் ரெண்டு பக்கம் சமமா, கோயில் கோபுரம் மாதிரிதான் போடுவோம். அப்போ டி நடுப்புள்ளி மாதிரித் தெரியும், ஏடி செங்குத்து மாதிரித் தெரியும். கண் சொன்னதைக் கை அப்படியே எழுதிடும். கேள்வியில அது குடுக்கப்படல. கோணலா, மூணு பக்கமும் வேற வேறயா ஒரு முக்கோணம் போடுங்க. அசிங்கமான படம் பொய் சொல்லாது.

அப்புறம் அந்த 'கூற்று, காரணம்' அட்டவணை. பசங்க அதை வேஸ்ட்டுனு நினைக்கிறாங்க. எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சது. இடது பக்கம் என்ன சொல்றேன், வலது பக்கம் ஏன் சொல்றேன். வலது பக்கக் கட்டம் காலியா இருந்தா, ஒண்ணு அது உனக்குத் தெரியல, இல்லன்னா அது உண்மை இல்ல. கோட் ரிவ்யூல "இந்த லைன் எதுக்கு?"னு கேட்கிற அந்த ஒரு சீனியர் மாதிரி. எரிச்சலா இருக்கும், ஆனா அவர்தான் காப்பாத்துவார்.

இப்போ, ஒரு நிரூபணம் நிஜமாவே புரிஞ்சிருக்கான்னு எப்படிச் சோதிக்கறது? அக்காவுக்கு நான் சொல்ல விரும்பற வழி இதுதான். தம்பிகிட்ட தப்பான கேள்வி ஒண்ணு குடுங்க.

சிபிஎஸ்இ பத்தாவதுல ரூட் 2 ஒரு விகிதமுறா எண்னு நிரூபிக்கச் சொல்வாங்க. விகிதமுறு எண்னு வெச்சுக்குவோம். அப்போ பி பை க்யூன்னு, பொதுக் காரணி இல்லாத பின்னமா எழுதலாம். வர்க்கப்படுத்தினா பி வர்க்கம், 2 க்யூ வர்க்கத்துக்குச் சமம். பி வர்க்கம் இரட்டை, அதனால பி இரட்டை. பி-யை 2 கே-ன்னு எழுதினா, க்யூ வர்க்கம் 2 கே வர்க்கம்னு வரும். அதனால க்யூவும் இரட்டை. ரெண்டுமே இரட்டைன்னா பொதுக் காரணி 2 இருக்கே, இல்லைன்னுல்ல சொன்னோம்? முரண்பாடு. இதை நிறைய பசங்க தூக்கத்துலகூட ஒப்பிப்பாங்க.

இப்போ, "இதே மாதிரி ரூட் 4 விகிதமுறா எண்னு நிரூபி பார்ப்போம்"னு கேளுங்க. ரூட் 4 வெறும் 2தான். விகிதமுறு எண்ணேதான். ஆனா ஒப்பிக்கிற பையன் இதையும் அழகா நிரூபிச்சுடுவான்! பி வர்க்கம் 4 க்யூ வர்க்கம், பி வர்க்கம் 4ஆல வகுபடும், அதனால பி-யும் 4ஆல வகுபடும்... நிறுத்து. எங்க உடைஞ்சது? பி 2ஆ இருந்தா பி வர்க்கம் 4. அது 4ஆல வகுபடும், ஆனா 2, 4ஆல வகுபடாது. அந்த ஒரு வரி இங்க பொய்.

அப்போதான் தெரியும், ரூட் 2 நிரூபணத்துல மொத்த பாரத்தையும் தாங்கற தூண் அந்த ஒரு வரிதான்: "வர்க்கம் இரட்டைன்னா எண்ணும் இரட்டை." அது ஏன் உண்மை? ஒற்றையை ஒற்றையால பெருக்கினா ஒற்றைதான் வரும். அதனால பி ஒற்றையா இருந்திருந்தா வர்க்கம் இரட்டையா வந்திருக்கவே முடியாது. இந்தக் காரணத்தை விடைத்தாள்ல எழுதறவன் புரிஞ்சு எழுதறான். நாங்க டெஸ்டிங்ல, ஃபெயில் ஆக வேண்டிய இடத்துல ஃபெயில் ஆகுதான்னும் பார்ப்போம். எதைக் குடுத்தாலும் பாஸ் ஆகிற டெஸ்ட் எதையும் சோதிக்கல. அதே கதை.

"நாலஞ்சு எண் போட்டுப் பார்த்தேன், சரியா வருது, அது போதாதா?" இதுவும் பசங்க அடிக்கடி கேட்கிறது. என்-க்கு 0 போடுங்க, என் வர்க்கம் கூட்டல் என் கூட்டல் 41. விடை 41, பகா எண். 1 போட்டா 43, 2 போட்டா 47. இப்படி 39 வரைக்கும், நாப்பது தடவையும் பகா எண்ணே வரும். 40 போட்டா 1681. அது 41ஓட வர்க்கம். நாப்பது டெஸ்ட் கேஸ் பாஸ், நாப்பத்தொண்ணாவது புரொடக்‌ஷன்ல காலி. எண் போட்டுப் பார்க்கறது கேள்வியைப் புரிஞ்சுக்க ரொம்ப நல்லது, ரஃப்ல கட்டாயம் பண்ணுங்க. விடைத்தாள்ல அது நிரூபணம் ஆகாது. ஆனா ஒரு கூற்று தப்புன்னு காட்டறதுக்கு ஒரே ஒரு எதிர்மறை உதாரணம் போதும்.

கடைசியா ஒரு தப்பு இருக்கு, நிரூபிக்க வேண்டியதையே வேற வேஷத்துல பயன்படுத்தறது. பிதாகரஸ் தேற்றத்தை நிரூபிக்கச் சொன்னா, "சைன் வர்க்கம் கூட்டல் காஸ் வர்க்கம் 1, எனவே..."ன்னு ஆரம்பிக்கறது. அந்த முற்றொருமையே நம்ம புத்தகத்துல பிதாகரஸ்ல இருந்துதான் வந்தது. பாம்பு தன் வாலைத் தானே கடிக்குது. அமெரிக்காவுல எலிஷா லூமிஸ்னு ஒருத்தர், பிதாகரஸுக்கு 300க்கும் மேற்பட்ட நிரூபணங்களைத் திரட்டிப் புத்தகமாப் போட்டவர். முக்கோணவியல் வழியா நிரூபணமே இருக்க முடியாதுன்னு இந்தக் காரணத்துக்காகத்தான் எழுதினார். ஆனா நியூ ஆர்லியன்ஸ்ல ரெண்டு பள்ளி மாணவிகள், நேகியா ஜாக்சன், கால்சியா ஜான்சன், அந்த முற்றொருமையைத் தொடாமலே சைன் விதியை வெச்சு நிரூபிச்சு, 2023ல அமெரிக்கக் கணிதச் சங்கத்தோட கூட்டம் ஒண்ணுல பேசினாங்க. 2024ல அது ஆய்விதழ்லயும் வந்தது. அவங்களுக்கு முன்னாடியே, 2009ல ஜேசன் ஜிம்பாங்கறவர் ஒரு வழி காட்டியிருந்தார். ஆக, முக்கோணவியலைத் தொடக் கூடாதுன்னு இல்ல. எதுல இருந்து எது வந்ததுங்கிற வரிசை தெரிஞ்சு தொடணும், அவ்வளவுதான்.

பரீட்சை ஹால் விஷயம், சுருக்கமா. நிரூபணம் பாதியில நின்னுடுச்சுன்னா பேப்பரைக் காலியா விடாதீங்க. படம், கொடுக்கப்பட்டவை, நிரூபிக்க வேண்டியது, தெரிஞ்ச வரைக்குமான படிகள், எல்லாத்தையும் எழுதுங்க. ஸ்டெப் மார்க் இருக்கு. நடுவுல வழி தெரியாம குறியை மாத்தியோ, வரியைத் தாண்டியோ கடைசி வரியை ஒட்ட வைக்கிறது வேண்டாம். நூத்துக்கணக்குல பேப்பர் பார்க்கிற டீச்சருக்கு அந்தத் தையல் உடனே தெரியும். கேள்வி ரெண்டு பாகமா இருந்து, முதல் பாகத்தை நிரூபிக்க வரலைன்னா, அதை உண்மைன்னு எடுத்துக்கிட்டு ரெண்டாவது பாகத்தைத் தாராளமாப் போடுங்க. "முதல் பாகத்தின்படி"ன்னு ஒரு வார்த்தை எழுதினா போதும். விடையைக் கேள்வியிலயே குடுத்ததோட இன்னொரு லாபம் இது.

அக்கா, இந்த வாரம் தம்பிக்கு ஒரே ஒரு கேள்வி குடுங்க. ரூட் 2 கூட்டல் ரூட் 3, விகிதமுறா எண்னு நிரூபிக்கணும். கைடு கிடையாது, நேரக் கணக்கு கிடையாது, ரஃப் பேப்பர் எவ்வளவு வேணும்னாலும். மாட்டிக்கிட்டா ஒரே ஒரு குறிப்பு சொல்லுங்க: வர்க்கப்படுத்திப் பார், உள்ள ரூட் 6 வந்து உக்காந்திருக்கும். அதுக்கு மேல சொல்லாதீங்க. அவன் நல்ல பக்கத்துல எழுதினதை விட அந்த ரஃப் பேப்பரைத்தான் நான் பார்க்கணும். போட்டோ எடுத்து அனுப்புங்க, அடுத்த எபிசோடுல அதை வெச்சுப் பேசுவோம்.